பசு மூத்திரமும் நம் மூத்திரமும்

‘சிறுநீர்’ என்று எழுதினால் ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது. ‘கோமியம்’ என்று எழுதினால் கோயில் நினைவுக்கு வருகிறது. ‘மூத்திரம்’ என்று எழுதினால் மட்டும் சேரி நினைவுக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். ஒரே தண்ணிக்கு மூணு சாதி. இந்தக் கட்டுரையில் மூத்திரம் என்றுதான் இருக்கும். மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொண்டே படிக்கலாம்.

சொல்ல வந்தது இது. பால்வினை நோய்களில் அதிகம் பரவுகிற இரண்டு மூன்றைக் கண்டுபிடிக்க இன்று ஊசி வேண்டாம். துணியை அவிழ்க்க வேண்டாம். ‘எத்தனை பேருகிட்டப் போன?’ என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டாம். ஒரு சின்ன டப்பாவில் மூத்திரம் பிடித்துக் கொடுத்தால் போதும். இந்தச் சோதனை உலகத்துக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. தலித் இதழ்கள் முளைத்த அதே 1990களில்தான் இதுவும் வந்தது. சேரிப் பெண் போய் நிற்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை, நாம் ஏன் கேட்கவில்லை என்ற இரண்டையும் பேசியாக வேண்டும்.

மாட்டுக்கு ஆய்வுக்கூடம்

1927 மார்ச்சில் மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தலித் மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று சாதி இந்துக்கள் 108 மண்குடங்களில் பாலும் தயிரும் சாணியும் பசு மூத்திரமும் கரைத்து ஊற்றிச் சுத்தம் செய்தார்கள். மனுசன் கை பட்ட தண்ணீரை மாட்டு மூத்திரம் சுத்தமாக்கும். இந்த நாட்டுப் பார்ப்பனிய விஞ்ஞானம் அன்றைக்கு எழுதிய அறிக்கை இது.

அந்த அறிக்கை பழசாகிக் கிழிந்து போகவில்லை. 2002-ல் பசு மூத்திரத்தைக் காய்ச்சி வடித்த நீரை ஆன்டிபயாட்டிக் மருந்தோடு சேர்த்தால் மருந்தின் வீரியம் கூடும் என்று சொல்லி, இந்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. 2020-ல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, நாட்டுப் பசுவின் பால், சாணி, மூத்திரம் இவற்றின் மகிமையை ஆராய்வதற்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. பல நூறு விஞ்ஞானிகள் இது விஞ்ஞானமே இல்லை என்று கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள்.

மாட்டு மூத்திரத்தை ஆராயக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆராயட்டும். மாட்டு மூத்திரத்துக்குள் மருந்து தேடுகிற அரசு, நம் பெண்களின் மூத்திரத்துக்குள் இருக்கிற நோயை ஏன் தேடவில்லை என்றுதான் கேட்கிறேன்.

மூத்திரத்தைப் பார்த்து நோய் சொல்வது நமக்குப் புதுசும் இல்லை. சித்த வைத்தியத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று ஒரு துறையே இருக்கிறது. நோயாளியின் மூத்திரத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று பார்த்து வாதமா, பித்தமா, கபமா என்று வைத்தியர் சொல்வார். அயோத்திதாசப் பண்டிதரும் சித்த வைத்தியர்தான். பறையர், வள்ளுவர், மருத்துவர் சாதிகளில் வைத்தியம் பார்த்தவர்கள் மூத்திரத்தைத் தீட்டாக நினைக்கவில்லை, நோயின் பேச்சாகக் கேட்டார்கள். நெய்க்குறி கிளமீடியாவைக் காட்டாது. அது வேறு. மூத்திரத்தை முகம் சுளிக்காமல் பார்க்கிற பண்பாடு நம்மிடம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் மூத்திரம்

இந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரியாததைக் கேட்டு வாங்க முடியாது.

கிளமீடியா, வெட்டை என்று நம் ஊரில் சொல்கிற கொனோரியா, இரண்டும் பாக்டீரியாவால் வருவது. மூத்திரக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரமாவது மூத்திரம் போகாமல் இருந்துவிட்டு, பிறகு போகும்போது முதலில் வருகிற இருபது முப்பது மில்லியை மட்டும் டப்பாவில் பிடிக்க வேண்டும். அந்த முதல் ஓட்டம்தான் குழாயைக் கழுவிக்கொண்டு கிருமியையும் இழுத்து வரும். ஆய்வகத்தில் அந்தக் கிருமியின் மரபணுத் துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கிப் பார்த்து, இருக்கிறது இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்களே, அதே வகை.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ‘யூரின் டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டாங்க, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க’ என்று நம் பெண்கள் சொல்வார்கள். எடுத்தது சர்க்கரைக்கும் அல்புமினுக்கும். மிஞ்சிப்போனால் பஸ் செல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்திருப்பார்கள். நீர்க்கடுப்புக்கு எடுப்பது நடு மூத்திரம், இதற்கு எடுப்பது முதல் மூத்திரம். இரண்டும் வேறு. சர்க்கரை இல்லை என்ற சீட்டை வைத்துக்கொண்டு நோயே இல்லை என்று வீடு திரும்புகிறாள். அவள் ஏமாறவில்லை, ஏமாற்றப்படுகிறாள்.

சரி, அங்கே இப்போது என்னதான் கொடுக்கிறார்கள்? கலர் டப்பா கொடுக்கிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் வகுத்த முறை இது. அறிகுறியைக் கேட்டு மருந்து கொடுப்பது. சோதனை கிடையாது. வெள்ளைப்படுகிறது என்றால் பச்சை டப்பா. மூத்திரக் குழாயிலோ கருப்பை வாயிலோ சீழ் என்றால் சாம்பல் டப்பா. அடிவயிறு வலி என்றால் மஞ்சள் டப்பா. வசதியில்லாத நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழி. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்பதை மறுக்கவில்லை. ஆம்பளைக்குச் சீழ் வடிந்தால் இந்த முறை ஓரளவு பிடித்துவிடும். பெண்ணிடம்தான் தோற்றுப்போகிறது. எல்லா வெள்ளைப்படுதலும் பால்வினை நோய் இல்லை. கிளமீடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே கிடையாது. அறிகுறி இல்லாதவளுக்கு எந்தக் கலர் டப்பா?

அப்படியாக, நோய் இருக்கிறவள் வெறுங்கையோடு போகிறாள். நோய் இல்லாதவள் டப்பாவை வாங்கிக்கொண்டு, ‘புருசனையும் கூட்டிட்டு வா’ என்ற சொல்லையும் வாங்கிக்கொண்டு போகிறாள். அந்தச் சொல் வீட்டுக்குள் போய் என்ன ஆகும் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

விதிப்படி பார்த்தால் டாக்டரோ நர்ஸோ கருவி வைத்துக் கருப்பை வாயைப் பார்த்த பிறகுதான் பச்சையா சாம்பலா என்று முடிவு செய்ய வேண்டும். நடக்கிறதா? அந்தக் கட்டிலுக்குத் திரை இருக்காது. கை உறை தீர்ந்திருக்கும். இதெல்லாம் இருந்தாலும் ஓ.பி. சீட்டில் தெருப் பெயர் இருக்கும். ‘காலனி’ என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீளாது. மூணு அடி தள்ளி நின்னு சொல்லு, சொன்னதுக்கு மாத்திரை. ‘குளிக்கிறதில்லையா நீங்கள்லாம்?’ என்பது இலவச இணைப்பு. இதை அனுபவிக்காத சேரிப் பெண் யாராவது இருந்தால் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு படிப்பேன்.

இதனால்தான் ஒரு டப்பா மூத்திரம் நமக்குப் பெரிய விஷயம். நம்மைத் தொட மறுக்கிற கையை நம்பி இந்தச் சோதனை இல்லை. கருவியை முரட்டுத்தனமாகச் செருகுகிற கையையும் நம்பி இல்லை. அவளே போய், அவளே பிடித்து, அவளே மூடி போட்டுக் கொடுக்கிறாள். மிஷினுக்குச் சாதி தெரியாது. மிஷினுக்கு முன்னும் பின்னும் இருக்கிற மனுசனுக்குத் தெரியும், அதைப் பிறகு பேசுவோம்.

பிரிட்டனில் 2003-லிருந்து 25 வயதுக்குக் கீழே இருக்கிற இளைஞர்களுக்குக் கிளமீடியா சோதனையை அரசே இலவசமாகச் செய்தது. தபாலில்கூட டப்பா வந்தது. ஆண்கள் மூத்திரம் பிடித்து அனுப்பினார்கள், பெண்கள் தாங்களே பஞ்சுக் குச்சியில் எடுத்து அனுப்பினார்கள். 2021-லிருந்து அந்தத் திட்டம் பெண்களின் கருப்பையையும் குழந்தைப் பேற்றையும் காப்பாற்றுவதை முதல் நோக்கமாக வைத்து நடக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளையின் மூத்திரம் தபாலில் போகிறது. எங்க பிள்ளை மூத்திரம் போக ஆஸ்பத்திரிக் கக்கூஸ் சாவியைக் கேட்டு நிற்கிறாள்.

கருப்பையைத் தூக்கிப் போடு

கவனிக்காத கிளமீடியாவும் வெட்டையும் மெதுவாக மேலே ஏறும். கருப்பை, கருக்குழாய் எல்லாம் புண்ணாகும். குழாய் அடைத்துக்கொள்ளும். பிள்ளை தரிக்காது, அல்லது குழாயிலேயே தரித்து வெடித்து உயிருக்கு வரும். பிரசவத்தில் குழந்தையின் கண்ணில் ஒட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் மட்டும் உலகம் முழுக்கக் கிளமீடியா 12 கோடியே 90 லட்சம் பேருக்கும், கொனோரியா 8 கோடியே 20 லட்சம் பேருக்கும் புதிதாக வந்தது. இரண்டும் மாத்திரையிலும் ஊசியிலும் குணமாகிற நோய்கள். இதில் சேரியின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. சோதனை செய்தால்தானே எண்ணிக்கை? எண்ணப்படாதவள் இல்லாதவள் ஆகிறாள். அவளுக்கு ஊர் வைக்கிற பேர் ‘மலடி’. புருசன் ரெண்டாவது கட்டிக்கொள்கிறான். அவன் கொண்டு வந்த சீக்காக இருக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

பிள்ளை பெற்றவளுக்கு வேறு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்களை 2019-ல் அரசு அமைத்த குழு கணக்கெடுத்தது. 82 ஆயிரத்துச் சொச்சம் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் தலித்துகளும் பஞ்சாரா போன்ற நாடோடிச் சமூகத்துப் பெண்களும். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களிடம், ‘வெச்சிருந்தா கேன்சர் வரும், எடுத்துடு’ என்றார்கள். மாதவிலக்கு நாளில் லீவு எடுத்தால் மேஸ்திரி அபராதம் போடுவான். கருப்பை போனால் அந்தத் தொல்லையும் போகும். டாக்டருக்கும் லாபம், மேஸ்திரிக்கும் லாபம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் இப்படித் தேவையில்லாமல் கருப்பை எடுத்தது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களும் இதைக் கண்காணிக்கிற வழிமுறைகளை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

இவர்கள் எல்லோருக்கும் பால்வினை நோய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இன்னொரு அவதூறு. வலிக்குக் காரணம் என்ன என்று ஒரு டப்பா மூத்திரத்தைக்கூடப் பார்க்காமல், கருப்பையையே அறுத்து எறியலாம் என்ற துணிச்சல் எந்த உடம்பின் மேல் வருகிறது என்று கேட்கிறேன். மயிலாப்பூர் மாமியின் உடம்பின் மேல் வருமா?

யாருக்காகச் சோதனை?

நம் உடம்பை இவர்கள் சோதித்ததே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சோதித்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டபோது.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்தில் லாக் ஆஸ்பத்திரி என்று இருந்தது. பட்டாளத்துச் சிப்பாய்க்கு நோய் வரக் கூடாது என்பதற்காக, பாளையத்தைச் சுற்றித் தொழில் செய்கிற பெண்களைப் பிடித்துப் பதிவு செய்து, காலை விரிக்க வைத்துப் பார்த்து, நோய் என்று தோன்றினால் அடைத்து வைத்தார்கள். 1868-ல் இதற்கென்று தொற்றுநோய்ச் சட்டமே வந்தது. வெட்டை நோயின் கிருமியை நைசர் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்ததே 1879-ல்தான். அதாவது கிருமி எது என்று தெரியும் முன்பே பெண்ணைப் பூட்ட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிப்பாயை அவிழ்த்துப் பார்த்தால் அவன் மானம் போகும் என்று அவனை விட்டுவிட்டார்கள். 1888-ல் சட்டம் போனது. பார்வை போகவில்லை.

1986-ல் சென்னையில் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. ஆறு பெண்கள். மருத்துவ வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பிறகு என்ன நடந்தது? எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். 1990-ல் பம்பாய் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ‘மீட்பு’ என்று பேர். இறங்கியதும் சோதனை, சோதனைக்குப் பின் பூட்டு. அதே 1990-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போன பிறகுதான் அடைபட்டவர்களுக்குக் கதவு திறந்தது.

இந்தப் பெண்கள் யார்? எந்தச் சாதி என்று அறிக்கைகள் எழுதாது. ஆந்திராவில் ஜோகினி, கர்நாடகத்தில் பசவி, நம் திருவள்ளூர்ப் பக்கம் அருந்ததியர் குழந்தைகளை நேர்ந்துவிடுகிற மாத்தம்மா. சாமி பேரைச் சொல்லித் தலித் பெண்ணை ஊருக்கே பொதுவாக்குகிற ஏற்பாடு. ஊர் அனுபவிக்கும், நோய் அவளுடையது.

2023 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் டிண்டோரி மாவட்டத்தில் அரசு நடத்திய ஏழைப் பெண்களின் கூட்டுத் திருமணத்தில் மணப்பெண்களுக்குக் கர்ப்பச் சோதனை செய்தார்கள். பெரும்பாலும் ஆதிவாசிப் பெண்கள். கர்ப்பம் என்று தெரிந்தவர்களை ஒதுக்கிவிட்டார்கள். பாருங்கள் தோழர்களே, ஒழுக்கம் அளக்க வேண்டுமென்றால் சோதனைக்குப் பெட்டி வருகிறது, ஆள் வருகிறது, வண்டி வருகிறது. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் ரத்தம், மூத்திரம் எல்லாம் சோதிக்கிறார்கள். எஜமானுக்குச் சரக்கு சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வலிக்கிறது என்று அவளே வந்து நின்றால் மட்டும் ‘லேப் வசதி இல்லம்மா’.

கறுப்பின மக்களுக்கும் இதே கதைதான், திருப்பிப் போட்டது. அமெரிக்காவின் அலபாமாவில் டஸ்கெகீ என்ற ஊரில் 1932-லிருந்து 1972 வரை அரசின் பொது சுகாதாரத் துறை 399 கறுப்பு ஆண்களின் கிரந்தி நோயைச் சோதித்துக்கொண்டே இருந்தது, மருந்து கொடுக்கவில்லை. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோய் எப்படித் தின்கிறது என்று பார்க்க வேண்டுமாம். 1997-ல்தான் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அங்கே மருந்து இல்லாத சோதனை. இங்கே சோதனை இல்லாத மருந்து. இரண்டிலும் நோயாளி மனுசன் இல்லை.

ஆகவே நாம் கேட்பது வெறும் சோதனையை அல்ல. சோதனை யார் கையில் என்பதையும் சேர்த்துத்தான். நம் மேல் நடத்துகிற சோதனை போதும். நாம் கேட்டு, நாம் சம்மதித்து, முடிவு நம் கையில் மட்டும் வருகிற சோதனை வேண்டும்.

நம் வாயில் இருக்கும் பூட்டு

இனி நம் ஆட்களிடம் பேச வேண்டும். ‘இதையெல்லாம் நம்ம பத்திரிகையில எழுதலாமா? ஏற்கெனவே நம்ம பொம்பளைங்களப் பத்தி அவன் என்னென்னமோ பேசறான். நாமளே எடுத்துக் கொடுக்கணுமா?’ இந்தக் கேள்வியை இயக்கத் தோழர்களே கேட்பார்கள். கேட்கிற மனசு எனக்குப் புரிகிறது. அவதூறு நிஜம். ஆனால் அவதூறுக்குப் பயந்து மூடுகிற வாய் யாருடையது, அதனால் அழுகுகிற உடம்பு யாருடையது? வாய் தோழருடையது. உடம்பு தோழரின் சம்சாரத்துடையது.

இந்த நோய்க்கு நம் தெருவில் வைத்திருக்கிற பேரைப் பாருங்கள். ‘பொம்பள சீக்கு’. ஆம்பளைக்கு வந்தாலும் அது பொம்பள சீக்குதான். நோய்க்குப் பேர் வைத்தபோதே குற்றவாளியையும் முடிவு செய்துவிட்டார்கள். இந்தப் பேரைச் சாதி இந்து மட்டும் சொல்லவில்லை. நம் டீக்கடையிலும் சொல்கிறார்கள். செங்கல் சூளைக்கும் லாரிக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போய் வருகிற ஆண்கள், எரிச்சல் என்றால் ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அரைகுறையாகப் போட்ட மாத்திரை கிருமிக்குத்தான் பயிற்சி. கொனோரியா ஒவ்வொரு மருந்தாகத் தோற்கடித்துக்கொண்டு வருகிற கிருமி. இன்று கைவசம் இருக்கிற மருந்து மிகக் குறைவு.

ஆம்பளைகளுக்கு இந்தச் சோதனையில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. ஆணுக்கு முதல் மூத்திரமே நல்ல மாதிரி, வேறெதுவும் தேவையில்லை. சுவரோரம் நின்று அடிக்கிறதை ஒரு டப்பாவில் பிடித்தால் முடிந்தது. பேருந்து நிலையச் சுவரெல்லாம் நனைக்கத் தெரிந்த வீரத்துக்கு ஒரு டப்பா நனைக்க வெட்கமா? ‘புருசனையும் கூட்டிட்டு வா’ என்று அவளிடம் சொல்லி அனுப்புவதை விட்டுவிட்டு, அவன் இருக்கிற இடத்துக்குப் போய் டப்பாவைக் கொடுக்கட்டும். சங்கக் கூட்டத்தில், சூளையில், லாரி செட்டில், கல்லூரி விடுதியில். முதல் டப்பாவை மேடையில் பேசுகிறவர் வாங்கட்டும்.

எதிர்வாதங்கள்

பணம் இல்லை என்பார்கள். காசநோய்க்காக அரசு ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிற ஜீன் எக்ஸ்பர்ட் மிஷினிலேயே கிளமீடியாவுக்கும் கொனோரியாவுக்கும் தனிக் காட்ரிட்ஜ் போட்டு, மூத்திரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிவு பார்க்கலாம். கொரோனா வந்தபோது அரசு மருத்துவக் கல்லூரிகளில் பி.சி.ஆர். ஆய்வகங்கள் மாதக்கணக்கில் எழும்பின. அந்த நோய் எல்லாச் சாதிக்கும் வந்தது, அதனால் எழும்பின. மிஷின் இருக்கிறது, கற்றுக்கொண்ட ஆள் இருக்கிறார். காட்ரிட்ஜ் விலை அதிகம்தான். எச்.ஐ.வி. மருந்து விலையும் ஒரு காலத்தில் யாரும் தொட முடியாததாக இருந்தது. மக்கள் தெருவில் இறங்கியதும் மலிவாக மருந்து செய்கிற கம்பெனிகள் போட்டிக்கு வந்ததும்தான் அதைக் குறைத்தன.

பெண்ணுக்கு மூத்திரத்தைவிடப் பிறப்புறுப்பிலிருந்து எடுக்கிற பஞ்சுக் குச்சிதான் துல்லியம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். உண்மை. மூத்திரத்தில் பார்த்தால் பத்தில் ஒன்று வரைக்கும் தவறிப் போகலாம். அந்தக் குச்சியையும் அவளே மறைவாகப் போய் எடுத்துக் கொடுக்கலாம் என்பதும் அதே மருத்துவம் சொன்னதுதான். ரெண்டையும் கொடுங்கள், அவள் எதை விரும்புகிறாளோ எடுக்கட்டும். பத்தில் ஒன்பதைப் பிடிக்கிற சோதனை குறையுள்ளது என்று சொல்லி, ஒன்றைக்கூடப் பிடிக்காத வெறும் கேள்வியை நீட்டாதீர்கள். கிரந்திக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம்தான் பார்க்க வேண்டும். தொண்டையிலும் ஆசனவாயிலும் இருக்கிற தொற்று மூத்திரத்தில் தெரியாது. நம் திருநங்கைத் தோழிகளுக்கும் ஆணோடு உறவுள்ள ஆண்களுக்கும் மூத்திரம் மட்டும் பார்த்து ‘ஒண்ணும் இல்லை’ என்று அனுப்பினால் அதுவும் மோசடிதான்.

மூன்றாவது எதிர்வாதம் நம்முடையது. டப்பாவின் மேல் பேரும் தெருவும் எழுதி ஒட்டினால் மறுபடியும் பழைய கதைதானே? அந்தப் பயம் நியாயமானது. எச்.ஐ.வி.க்கு 2017-ல் சட்டம் வந்தது, 2018-ல் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று அது சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் போராடி வாங்கிய சட்டம் அது. அந்தப் பாதுகாப்பு மற்ற பால்வினை நோய்களுக்கும் வேண்டும். இனி, அந்த டப்பாவை எடுத்துப் போகிறவர், உடைந்தால் துடைக்கிறவர், மிச்சத்தைக் கொட்டிக் கழுவுகிறவர் யார் என்றும் நமக்குத் தெரியும். நம்மாள்தான், அதுவும் கான்ட்ராக்டில். அவர் கைக்கு உறை கேட்காமல் சோதனை மட்டும் கேட்டால் அது பாதிக் கோரிக்கை.

ஆகவே கேட்போம்.

ஒவ்வொரு மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலும் மூத்திரத்திலிருந்து கிளமீடியா, கொனோரியா பார்க்கிற சோதனை இலவசமாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாதிரி அங்கே போய்ச் சேர வண்டி வேண்டும்.

கர்ப்பிணிக்கும், வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று வருகிறவளுக்கும், பிள்ளை இல்லை என்று வருகிற தம்பதிக்கும் கேட்காமலே சொல்லப்பட வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் அவர்களுக்கு வேண்டும்.

டப்பாவில் பேர் வேண்டாம், தெரு வேண்டாம், ஆதார் வேண்டாம். எண் போதும். முடிவு அவரவர் கையில் மட்டும்.

வெள்ளைப்படுதலுக்காகக் கருப்பையை எடுக்கச் சொல்கிற ஒவ்வொரு டாக்டரும் அதற்கு முன் என்னென்ன சோதனை செய்தார் என்று எழுதிக் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கக்கூஸ் திறந்திருக்க வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும். இதைக்கூடக் கோரிக்கையில் எழுத வேண்டியிருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை.

மாணவத் தோழர்கள் தங்கள் மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை இருக்கிறது, கடந்த வருடம் எத்தனை பேருக்கு நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. வருகிற பதிலை இதழுக்கு அனுப்புங்கள். ‘இல்லை’ என்று வந்தால் அதையும் அனுப்புங்கள். அந்த ‘இல்லை’களை மாவட்டம் மாவட்டமாக அடுக்கி வைத்துக்கொண்டு, சுகாதாரத் துறையின் வாசலில் போய் உட்காருவோம்.